கறுப்புக்குத்தான் சத்தம் அதிகம்

வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டா?

கேள்வியே கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஒரு மருத்துவக் கருவி இன்றைக்கு உலகத்தில் சில ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறது. உடம்புக்குள் வெளிச்சம் அடித்து, உள்ளே இருக்கும் ரத்தம் போடுகிற சத்தத்தைக் கேட்டு, அந்தச் சத்தத்திலிருந்து படம் வரைகிற கருவி. கையில் பிடித்து உடம்பில் வைத்துத் தேய்க்கிற சைஸில்கூட வந்துவிட்டது. இங்கிலீஷ்காரர்கள் ஆப்டோஅக்கூஸ்டிக் என்கிறார்கள், ஃபோட்டோஅக்கூஸ்டிக் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஒளி-ஒலிப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் புரிந்துகொள்ள லேப் எதுவும் தேவையில்லை. கோவில்பட்டி போதும்.

சித்திரை மாதத்து மத்தியானம் எட்டயபுரம் ரோட்டோரத்தில் கரிசல் காட்டில் செருப்பில்லாமல் பத்தடி நடந்தவர்களுக்குத் தெரியும், அந்த மண் எப்படிக் கொதிக்கும் என்று. பக்கத்திலேயே வெள்ளை அடித்த கட்டைச் சுவர் அதே வெயிலில்தான் நிற்கிறது, தொட்டால் அவ்வளவு சுடாது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி விட்டுவிடும். கறுப்பு விழுங்கிவிடும். விழுங்கிய வெளிச்சம் சூடாக மாறும். சூடான பொருள் கொஞ்சம் விரியும்.

வெயில் மெதுவாக ஏறுவதால் மண்ணும் மெதுவாக விரிகிறது, சத்தம் வருவதில்லை. (கரிசல் மண் பாளம் பாளமாக வெடிப்பது வேறு கதை. அது தண்ணீர் வற்றி களிமண் சுருங்குவதால் வருவது.) அதே வெளிச்சத்தைக் கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல லட்சம் மடங்கு சின்ன நேரத்தில் ஒரே அடியாக அடித்தால்? பொருள் சடாரென்று விரியும். சடாரென்று விரிகிற எதுவும் பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் சத்தம். அவ்வளவுதான் தத்துவம்.

இனி படம் எப்படி வருகிறது? அதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர் பக்கம் ராத்திரி எங்கேயோ ஒரு வெடி வெடிக்கிறது. வெளிச்சம் முதலில் தெரிகிறது. சத்தம் பிறகு வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு இருந்து மூன்றாவது நொடியில் சத்தம் வந்தால் வெடித்த இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். காற்றில் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகிறது என்பதால் இந்தக் கணக்கு. உடம்புக்குள் சத்தம் இன்னும் வேகம், நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். தோலுக்குக் கீழே 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு ரத்தக்குழாய் சத்தம் போட்டால், அது மேலே வந்து சேர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 20 பங்குதான் ஆகும். அதையும் எண்ணத் தெரிந்த ஒரு மெஷின் இருந்தால் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சரி, கதைக்கு வருவோம்.

இதைக் கண்டுபிடித்தவர் டெலிபோன் கிரகாம் பெல். 1880-ல் அவரும் அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெயின்டரும் சேர்ந்து ஃபோட்டோஃபோன் என்று ஒன்றைச் செய்தார்கள். கம்பி இல்லாமல் சூரிய வெளிச்சத்தின் மேல் பேச்சை ஏற்றி அனுப்புகிற கருவி. வாஷிங்டனில் 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தது. டெலிபோனைவிட இதுதான் தன்னுடைய பெரிய கண்டுபிடிப்பு என்று பெல் கடைசிவரை நம்பினார். அப்போது பிறந்திருந்த மகளுக்கு ஃபோட்டோஃபோன் என்றே பெயர் வைக்கப் பார்த்தார், மனைவி தடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பெண் தப்பித்தாள் :-)

ஃபோட்டோஃபோன் வியாபாரமாகவில்லை. மேகம் வந்தால் லைன் கட் ஆகிற டெலிபோனை யார் வாங்குவார்கள்? ஆனால் அந்த ஆராய்ச்சியின் ஓரத்தில் வேறு ஒன்று கிடைத்தது. ஓட்டை போட்ட ஒரு தட்டைச் சுழலவிட்டு, வெளிச்சத்தை விட்டு விட்டு ஒரு கெட்டி ரப்பர் தகட்டின் மேல் விழவைத்தபோது, அந்தத் தகடே முனகியது. கருவி எதுவும் வேண்டாம், காதை வைத்தாலே கேட்டது.

பெல் ஐரோப்பா போயிருந்த சமயத்தில் டெயின்டர் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் கண்ணாடிக் குழாயில் போட்டு வெளிச்சம் அடித்து எது அதிகம் கத்துகிறது என்று பார்த்தார். கெட்டியான படிகங்களைவிட பஞ்சு, கம்பளி, பட்டு மாதிரி நார்ப் பொருள்கள் நன்றாகக் கத்தின. அவற்றிலும் வெள்ளையைவிடக் கறுப்பு அதிகம் கத்தியது. உடனே அவருக்கு ஒரு யோசனை. வெள்ளைப் பஞ்சில் விளக்குக் கரியைத் தடவிப் பார்த்தார். சத்தம் பல மடங்கு கூடியது. அப்படியானால் பஞ்சே எதற்கு என்று வெறும் கரியை மட்டும் போட்டார். அதுவரை கேட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து நம் பாட்டிமார் கண்மைக்கு எடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே கரி. பெல் இதையெல்லாம் 1881 ஏப்ரலில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியில் படித்தார்.

பஞ்சும் கறுப்பும்! கரிசல் பூமியில் பருத்தி ஆராய்ச்சிக்கென்றே கோவில்பட்டியில் 1901-ல் விவசாயப் பண்ணை ஆரம்பித்தார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னாடியே வாஷிங்டனில் ஒருவர் பஞ்சையும் கரியையும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு விஷயம்.

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: கறுப்புக்குத்தான் சத்தம் அதிகம். 1881-ல் இது ஒரு வேடிக்கை. 140 வருஷம் கழித்து இதுவே ஒரு தலைவலியாகத் திரும்பி வரப்போகிறது.

பெல்லுக்குப் பிறகு இந்த விஷயம் பல காலம் தூங்கியது. சூரிய வெளிச்சத்தை எவ்வளவுதான் குவித்தாலும் நினைத்த வேகத்தில் அடிக்க முடியாது. 1960-ல் லேசர் வந்தது. சத்தத்தைப் பிடிக்க நுண்ணிய காதுகளும், கணக்குப் போட கம்ப்யூட்டரும் அதன் பிறகு வந்தன.

இடையில் நம் ஆள் ஒருவர் ஒளியையும் ஒலியையும் சேர்த்துப் பிடித்தார். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். ராமன் 1907-ல் நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறி, கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தவர். பகலில் அரசாங்கக் கணக்கு, சாயங்காலம் ஆராய்ச்சி. (காமர்ஸ் படிப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) மிருதங்கத்தின் நாதம் பற்றி எழுதியவர், ஒளிச்சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர், 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அங்கே நாகேந்திர நாத்தோடு சேர்ந்து 1935, 36-ல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட் ஒரு திரவத்துக்குள் போகும்போது அதன் குறுக்கே போகும் வெளிச்சம் எப்படிச் சிதறுகிறது என்பது விஷயம். ராமன்-நாத் கொள்கை என்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். பெல் வெளிச்சத்தால் சத்தம் எழுப்பினார், ராமன் சத்தத்தால் வெளிச்சத்தைப் பிரித்தார். நேரடிச் சொந்தம் இல்லை என்றாலும் பங்காளி வீடு என்று சொல்லலாம்.

உடம்புக்குள் ஒளி-ஒலிப் படம் எடுக்க முடியும் என்று 1980-களிலிருந்து முயற்சிகள் நடந்தன. 2003-ல் அமெரிக்காவில் லிஹாங் வாங் குழுவினர், தோலையும் மண்டை ஓட்டையும் திறக்காமலே ஒரு எலியின் மூளையில் ரத்தம் ஓடுவதைப் படமெடுத்துக் காட்டினார்கள். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2005-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மார்ட்டின் ஃப்ரென்ஸ் குழு, சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோடு லேசரைச் சேர்த்துக் கையில் பிடிக்கிற மாதிரிச் செய்து உடனுக்குடன் படம் காட்டியது. 2021 ஜனவரியில் மார்பகக் கட்டிகளைப் பார்க்க இந்த வகைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

இதில் என்ன விசேஷம்? அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டியின் உருவம் தெரியும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று தெரியாது. ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் நிறம் வேறு. 750 நானோமீட்டர் வெளிச்சத்தை ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் அதிகம் விழுங்கும். 850-ல் ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் அதிகம் விழுங்கும். இரண்டு நிற வெளிச்சத்தையும் மாற்றி மாற்றி அடித்து எதற்கு எவ்வளவு சத்தம் என்று ஒப்பிட்டால் ஆக்ஸிஜன் கணக்கு வந்துவிடும். புற்றுக்கட்டி தனக்கென்று ரத்தக்குழாய்களை இழுத்துக்கொண்டு ஆக்ஸிஜனை உறிஞ்சும் என்பதால் டாக்டர்களுக்கு இது பெரிய துப்பு. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சும் கிடையாது. உடம்பு சூடாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறினாலே கருவிக்குக் கேட்கிற அளவு சத்தம் வந்துவிடும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா ஊர் ஸ்கேன் சென்டரிலும் இல்லை? விலை ஒரு காரணம். லேசர் பெட்டி பெரிசு, விலையும் பெரிசு. அதற்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கையும் சின்ன டயோடு லேசரையும் வைத்துச் செய்து பார்க்கிறார்கள். வெளிச்சம் குறைவு என்பதால் சத்தமும் குறைவு. நூற்றுக்கணக்கான முறை அடித்துச் சராசரி எடுக்க வேண்டும். அதற்குள் பிடித்திருப்பவர் கை அசைந்தால் படம் கலங்கும். விலையில் மிச்சம் பிடித்ததைத் துல்லியத்தில் கட்டவேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம், கைக்கருவி என்பதாலேயே வருகிற குறை. எலியை நான்கு பக்கமும் காதுகளால் சூழ்ந்து கேட்கலாம். மனுஷன் மார்பில் ஒரு பக்கம்தான் வைக்க முடியும். ஒரே தெருவில் நின்றுகொண்டு ஊர் முழுக்க வெடிக்கிற வெடியை வரைபடம் போடுகிற மாதிரி. தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும் ரத்தக்குழாய் நன்றாகத் தெரியும். செங்குத்தாக இறங்கும் குழாய் தன் சத்தத்தைப் பக்கவாட்டில் அனுப்பிவிடுவதால் படத்தில் காணாமலே போகும். கொழுப்பில் சத்தம் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்பது இன்னொரு தொல்லை. நொடிக்கு 1540 மீட்டர் என்று மெஷின் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் 1450 என்றால் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் இடம் தப்பும்.

இந்தக் குறைத் தகவலிலிருந்து முழுப்படத்தைக் கணக்குப் போட்டு எடுக்கும் வேலையில் இந்தியாவுக்கு நல்ல பங்கு உண்டு. ராமன் இருந்த அதே பெங்களூர் வளாகத்தில் பனீந்திர யலவர்த்தியின் குழு, சிங்கப்பூரில் அப்போது இருந்த மனோஜித் பிரமாணிக்கோடு சேர்ந்து வருஷக்கணக்காக இதைச் செய்தது. சத்தம் எப்படிப் பரவும் என்ற மாதிரியை முதலில் எழுதி, கேட்ட சத்தத்தோடு ஒத்துவரும் வரை படத்தைத் திருத்திக்கொண்டே போகிற முறை. பேலன்ஸ் ஷீட் டாலி ஆகும் வரை என்ட்ரியைத் தேடுகிற மாதிரிதான். பிறகு நியூரல் நெட்வொர்க் வைத்தும் செய்தார்கள்.

இனிதான் கறுப்பு திரும்ப வருகிறது.

வெளிச்சம் ரத்தத்தை எட்டுவதற்கு முன்னால் தோலைக் கடக்க வேண்டும். தோலின் கறுப்புக்குக் காரணம் மெலனின். டெயின்டரின் கரி என்ன செய்ததோ அதையேதான் மெலனினும் செய்கிறது. வெளிச்சத்தை விழுங்கிப் பெரிதாகச் சத்தம் போடுகிறது. இதனால் மூன்று கெடுதல். முதலாவது, உள்ளே போகும் வெளிச்சம் குறைந்து ரத்தத்தின் சத்தம் மெலிகிறது. இரண்டாவது இன்னும் மோசம். தோல் போட்ட சத்தம் மேலே மட்டும் வருவதில்லை, உள்ளேயும் போகிறது. உள்ளே எலும்பிலோ தசையிலோ பட்டு எதிரொலியாகத் தாமதமாகத் திரும்புகிறது. மெஷினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தாமதமாக வந்தால் ஆழத்திலிருந்து வந்தது. ஆகவே இல்லாத ஒரு பொருளை ஆழத்தில் வரைந்துவிடுகிறது.

மூன்றாவது ஆக்ஸிஜன் கணக்கில். மெலனின் 850-ஐவிட 750-ஐ அதிகம் விழுங்கும். அதனால் 750 வெளிச்சம் குறைவாகவே ரத்தத்தை எட்டும். சத்தம் குறையும். ‘ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் இங்கே குறைச்சல்’ என்று மெஷின் தப்பாக முடிவு கட்டும். இருப்பதைவிட ஆக்ஸிஜன் அதிகம் என்று காட்டும். கறுப்புத் தோல்காரருக்கு மட்டும், அதுவும் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்கிற பக்கமாகவே தப்பு விழும்.

இது கற்பனைப் பயம் இல்லை. விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா சமயத்தில் வாங்காத வீடு உண்டா? அதுவும் இரண்டு நிற வெளிச்சக் கணக்குதான். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சோடிங் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. மீட்டர் 92 முதல் 96 வரை காட்டியவர்களில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்தக் கருவியின் அடிப்படை 1974-லேயே ஜப்பானில் டக்குவோ அயோயாகி போட்டது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க உபயோகித்த ஒரு சாதனத்தில் இது நடந்தது. கூடுதல் தோல் நிறங்களில் சோதித்துக் காட்டச் சொல்லி எஃப்.டி.ஏ. வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது 2025 ஜனவரியில்தான்.

ஆக்ஸிமீட்டர் வீடு வீடாகப் போன பிறகு தெரிந்த விஷயம், ஒளி-ஒலிக் கருவியில் அது பரவுவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. இந்தத் தடவை கால அவகாசம் இருக்கிறது.

சிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருக்கிறார்கள். 2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி செய்தன. தோல் கறுக்கக் கறுக்க, கையில் ஓடும் ரத்தக்குழாயின் படம் கலங்குவதை அளந்து காட்டி, அதற்கு வைத்தியமும் சொன்னார்கள். தலைமை வகித்தவர் முயினாட்டு பெல். ஆமாம், இவரும் பெல்தான்! கிரகாம் பெல்லுக்குச் சொந்தமில்லை, கறுப்பினப் பெண் விஞ்ஞானி.

அவர்களுடைய வைத்தியம் லேசரைக் கூட்டுவதில்லை. கையில் பிடிக்கும் ப்ரோபில் பெரும்பாலும் 128 காதுகள் வரிசையாக இருக்கும். சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்க்காமல், பக்கத்துப் பக்கத்துக் காதுகள் ஒரே மாதிரி கேட்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். கழுகுமலைத் திருவிழாக் கூட்டத்தில் தூரத்து நாதஸ்வரத்தை அடுத்தடுத்து நிற்கிற பத்துப் பேரும் ஒரே மாதிரி கேட்பார்கள். சுற்றியுள்ள இரைச்சல் ஆளுக்கு ஆள் மாறும். பத்துப் பேர் சாட்சியும் ஒத்துப்போனால் அது உண்மை, ஒத்துப்போகாதது இரைச்சல். முயினாட்டு பெல் மாணவியாக இருந்தபோது, 2011-ல், அல்ட்ராசவுண்டுக்காகப் போட்ட முறை இது.

பெர்ன் ஆட்கள் பிடித்த வழி இன்னும் அழகு. கைக்கருவி என்றால் கை அசையும், அது குறை என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? மைக்கேல் யேகர் அந்த அசைவையே மருந்தாக்கினார். ப்ரோபை லேசாக அழுத்தி அழுத்தி எடுக்கும்போது உள்ளே இருக்கும் திசு எப்படி நசுங்குகிறது என்று அல்ட்ராசவுண்டே சொல்லிவிடும். உண்மையான ரத்தக்குழாய் அந்தத் திசுவோடு சேர்ந்து நகரும். எதிரொலிப் பொய் சேர்ந்து நகராது. நசுங்கலைக் கணக்கில் சரிசெய்து எல்லாப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் உண்மை நிற்கும், பொய் மங்கிவிடும். கூடுதல் உபகரணமே தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

நியூரல் நெட்வொர்க் பற்றி மட்டும் கொஞ்சம் சந்தேகம் வேண்டியிருக்கிறது. அது படித்த படங்களை வைத்துத்தான் புதுப்படத்தைத் திருத்தும். வெளுத்த தோல்களை மட்டும் பார்த்துப் பழகிய ஒன்றிடம் கரிசல்காட்டுக் கையைக் கொடுத்தால், தெரியாத இடத்தைத் தெரிந்த மாதிரி அழகாக நிரப்பிக் கொடுத்துவிடும். கலங்கலான படத்தைப் பார்த்தால் டாக்டருக்குச் சந்தேகமாவது வரும். தெளிவான தப்பைப் பார்த்தால் அதுவும் வராது.

தோல் நிறத்தை எப்படிக் குறிப்பது என்பதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. டாக்டர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-ல் வந்தது. வெயிலில் நின்றால் யாருக்குச் சிவக்கும், யாருக்குக் கறுக்கும் என்று கேட்டு வெள்ளையரை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பிறகு சேர்த்துக்கொண்டார்கள். உலகத்தில் பாதிப் பேர் பிற்சேர்க்கை!

இப்போதைய ஆராய்ச்சிகளில் அதை ஓரம்கட்டிவிட்டு, ப்ரோப் வைக்கிற அதே இடத்தில் ஒரு மீட்டரால் நிறத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறார்கள். ஆளை வைத்து நிறம் சொன்னால் போதாது, இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் பருத்தியும் உளுந்தும் போடுகிற ஒரு சம்சாரியின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். முழங்கைக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். உள்ளே ஓடுவது ஒரே ரத்தம். திருத்தம் இல்லாத மெஷினை அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் வைத்தால், ஒரே ஆளுக்கு இரண்டு ரிப்போர்ட் வரும்.